மாமியாரின் இடது காது

சென்ற வாரம் இந்தப் பக்கத்தில் மிக்ஸி பிளேடுக்குச் சாணை பிடிப்பதைப் பற்றி எழுதியிருந்தேன். "அடுத்த வாரம் என்ன, கிரைண்டரா?" என்று எதிர் வீட்டு அம்மாள் காய்கறி வண்டியருகில் நின்று கேட்டார். இல்லை. இந்த வாரம் ஸி.டி. பிளேயர். அதன் முதுகில் இன்னொரு சின்னப் பெட்டியை மாட்டுவது எப்படி என்ற சமாசாரம்.

"ஐயோ, இது ஆண்பிள்ளைகள் விவகாரம்!" என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். தொடர்கதைக்கு இன்னும் நாலு பக்கம் இருக்கிறது. அதற்குள் இதை முடித்து விடலாம். தவிர, இது வெறும் யந்திரத்தைப் பற்றிய கதை அல்ல. எங்கள் வீட்டில் ஒரு பெரிய மனுஷி மூன்று மாத காலம் தனக்குக் காது போய் விட்டதென்று எண்ணி, அதை ஒருவரிடமும் சொல்லாமல், உள்ளுக்குள்ளேயே வைத்துக்கொண்டு தவித்த கதை.

அந்தப் பெரிய மனுஷி என் மாமியார். அவரை நான் 'அத்தை' என்று கூப்பிடுகிறேன். என் மாமனார் 2009-ம் வருஷம் காலமானார். அவர் பாடகர் அல்ல; ஒரு பாங்கியில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். ஆனால் பாட்டென்றால் உயிர். 1994-ல் என் நாத்தனாருக்கு வளைகாப்பு நடந்தபோது, எல்லோரும் வற்புறுத்தவே, மோகன ராகத்தில் ஒரு கீர்த்தனை பாடினார். யாரோ ஒரு புண்ணியவான் அதை டேப் ரிக்கார்டரில் பிடித்து வைத்திருந்தார். பத்து வருஷம் கழித்து அந்த நாடாவை ஒரு குறுந்தகட்டில் ஏற்றினோம். மாமனாரின் குரல் என்று உலகத்தில் மிச்சம் இருப்பது அந்த ஒரு தட்டுத்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளக்கேற்றிய பிறகு, அத்தை அந்தத் தட்டைத் தம் கையாலேயே எடுத்துப் பிளேயரில் வைப்பார். கூடத்தில் இடது பக்கத்து ஸ்பீக்கரை ஒட்டி ஒரு பிரம்பு நாற்காலி இருக்கிறது. அதில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். நாங்கள்? அவரவர்க்கு அவரவர் வேலை. நான் அடுப்படியில், என் கணவர் கைப்பேசியில், பையன் வீட்டுப் பாடத்தில். பாட்டு ஓடுகிறது என்பதை அறிவோமே தவிர, பாட்டைக் கேட்டோமா என்று யாராவது சத்தியம் செய்யச் சொல்லியிருந்தால் மூவரும் அகப்பட்டிருப்போம்.

இந்த ஆடி மாதத்துக்குப் பிறகு அத்தையிடம் ஒரு மாற்றம். நாற்காலியை ஸ்பீக்கருக்கு இன்னும் கிட்டத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். அப்புறம் காதைச் சாய்த்துக்கொண்டார். அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை தட்டையே எடுக்கவில்லை. "ஏன் அத்தை, இன்னிக்குப் பாட்டு இல்லையா?" என்றேன். "எதுக்கும்மா? போதும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய் விட்டார்.

இரண்டு நாள் கழித்து, துணி மடிக்கும்போது மெல்லக் கேட்டார்: "காதுக்கு வைக்கிறாங்களே மிஷின், அது என்ன விலை இருக்கும்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மறு நாளே காது வைத்தியரிடம் அழைத்துப் போனேன். அவர் கண்ணாடி அறையில் உட்கார வைத்து, பல விதமான சத்தங்களைக் கொடுத்துச் சோதித்துப் பார்த்தார். "வயசுக்கு ஏற்றபடி இரண்டு காதும் நன்றாகவே இருக்கிறது, அம்மா. எதைக் கேட்கும்போது உங்களுக்குக் கேட்கவில்லை?" என்றார்.

அத்தை என் முகத்தைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "அவர் பாட்டு மட்டும்தான், டாக்டர். வர வரத் தேஞ்சுக்கிட்டே போகுது" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் காரியம், அந்தப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து பாட்டைப் போட்டதுதான். நேயர்களே, எனக்கே வெட்கமாக இருந்தது. இடது ஸ்பீக்கரில் சத்தமே இல்லை. வலது ஸ்பீக்கரிலிருந்து, தலையணைக்கு அடியில் யாரோ பாடுவது போலக் கரகரவென்று ஏதோ வந்தது. மூன்று மாதமாக இந்த லட்சணத்தில்தான் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. வீட்டில் நாலு பேர், எட்டுக் காது. பழுதைக் கண்டுபிடித்த ஒரே காதை நாங்கள் செவிடென்று சந்தேகித்து வைத்தியரிடம் கொண்டு போயிருக்கிறோம்!

சரி, குற்றவாளி யார்? ஸ்பீக்கரா, ஆம்பிளிபயரா, ஒயரா, பிளேயரா? இதைக் கண்டுபிடிக்க மெக்கானிக் வேண்டாம். நீங்களே செய்யலாம். பிளேயரின் முதுகில் சிவப்பு, வெள்ளை என்று இரண்டு குழாய்கள் செருகியிருக்கும். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பிளேயரின் பக்கத்தில் மட்டும் அந்த இரண்டையும் இடம் மாற்றிச் செருகுங்கள். மறுபடி பாட்டைப் போடுங்கள். ஊமையாக இருந்த ஸ்பீக்கர் பேசி, பேசிக்கொண்டிருந்த ஸ்பீக்கர் ஊமையாகி விட்டால், பழுது பிளேயரில்தான். ஊமை ஸ்பீக்கர் ஊமையாகவே இருந்தால், பிளேயர் நிரபராதி. ஒயரையும் ஆம்பிளிபயரையும் ஸ்பீக்கரையும் விசாரிக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் ஊமை இடம் மாறியது. பிளேயர்தான் ஆசாமி.

முதலில் ஒரு பெரிய கடைக்கு எடுத்துப் போனோம். "இதையெல்லாம் இப்போ யார் ரிப்பேர் செய்றாங்க? தூக்கிப் போட்டுட்டு வேற வாங்குங்க" என்று, பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லி விட்டார்கள். எங்கள் பேட்டையில் ரேடியோ காலத்திலிருந்து தொழில் செய்யும் ஒரு கிழவர் இருக்கிறார். அவரிடம் போனேன். அவர் மூடியைக் கழற்றி, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, அரை மணி நேரம் குடைந்தார். பிறகு நிமிர்ந்து, "கண்ணு நல்லா இருக்கும்மா, தொண்டைதான் கட்டிக்கிச்சு" என்றார்.

எத்தனை புஸ்தகம் படித்தாலும் இவ்வளவு தெளிவாக எனக்குப் புரிந்திராது. ஒரு ஸி.டி. பிளேயருக்குள் இரண்டு வேலைகள் நடக்கின்றன. ஒன்று, தட்டில் எழுதியிருப்பதைப் படிப்பது. அது கண்ணின் வேலை. மற்றொன்று, படித்ததை நாதமாக மாற்றி வெளியே அனுப்புவது. அது தொண்டையின் வேலை. இரண்டும் தனித்தனி. கண் கெட்டுத் தொண்டை பிழைத்திருக்கலாம். தொண்டை கட்டிக் கண் பிழைத்திருக்கலாம்.

தட்டில் அப்படி என்னதான் எழுதியிருக்கிறது? பழைய கிராமபோன் ரிக்கார்டில் பாட்டின் அலையே பள்ளமும் வளைவுமாகச் செதுக்கியிருக்கும். ஊசி அதன் மேல் ஓடினால் போதும். குறுந்தகட்டில் அலை கிடையாது. வெறும் எண்கள்! உள்ளேயிருந்து வெளியே சுருள் சுருளாக ஓடும் ஒரே பாதை. அதை நீட்டிப் பிடித்தால் ஏறக்குறைய ஐந்து கிலோ மீட்டர். அந்தப் பாதை நெடுகக் கண்ணுக்குத் தெரியாத குறிகள். ஒரு லேஸர் ஒளி அவற்றின் மேல் பட்டுத் திரும்பி வருவதைக் கொண்டு பிளேயர் எண்களை வாசிக்கிறது.

எண்ணை வைத்துக்கொண்டு எப்படிப் பாடுவது என்கிறீர்களா? வாசலுக்கு வாருங்கள்.

புள்ளிக் கோலம் போடுகிறோம். முதலில் என்ன செய்கிறோம்? புள்ளிகளை வைக்கிறோம். புள்ளி கோலம் ஆகாது. ஆனால் புள்ளி சரியாக விழுந்து விட்டால், அதை ஒட்டி எந்த வளைவு வரவேண்டும் என்பது கை பழகியவர்களுக்குத் தெரியும். ஸங்கீதத்தை ரிக்கார்டு செய்கிறவர்களும் அதைத்தான் செய்கிறார்கள். பாட்டின் அலை ஓடும்போது, ஒரு விநாடிக்கு 44,100 தடவை அதன் உயரத்தை அளந்து, எண்ணாகக் குறித்துக்கொள்கிறார்கள். நீங்கள் "அம்மா" என்று ஒரு தரம் கூப்பிடுவதற்குள் நாற்பத்து நாலாயிரத்துச் சொச்சம் புள்ளி! ஒவ்வொரு புள்ளியின் உயரத்தையும் 65,536 படிகளில் ஏதாவது ஒன்றாக எழுதலாம். வலது காதுக்கு ஒரு வரிசை, இடது காதுக்கு ஒரு வரிசை.

இந்த 44,100 என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? மனிதக் காது, நல்ல வயசில்கூட, விநாடிக்கு 20,000 அதிர்வுக்கு மேல் கேட்பதில்லை. ஓர் அலையைப் புள்ளிகளால் பிடிக்க வேண்டுமானால், அதிலுள்ள மிக வேகமான அதிர்வைப் போல இரண்டு மடங்குக்கு மேல் புள்ளிகள் வைத்தால் போதும் என்பது கணித விதி. அப்படி வைத்து விட்டால், அந்தப் புள்ளிகளுக்குப் பொருந்தக்கூடிய அலை ஒன்றே ஒன்றுதான். வேறு கோலம் போடவே முடியாது! அதனால் நாற்பதாயிரத்துக்குச் சற்று மேலே என்று ஆயிற்று. அந்தக் காலத்தில் இந்த எண்களைப் பதிந்து வைக்க வீடியோ நாடாவை உபயோகித்தார்கள். விநாடிக்கு 60 படப் பகுதி, ஒவ்வொன்றிலும் 245 வரி, வரிக்கு மூன்று எண். பெருக்கிப் பாருங்கள், 44,100 வரும். பையனின் கணக்கு நோட்டில் பெருக்கி நான் சரி பார்த்து விட்டேன்.

புள்ளிகளை வாங்கிக்கொண்டு கோலத்தை இழுக்கும் கைதான் 'டிஜிட்டல் டு அனலாக் கன்வெர்ட்டர்'. பெயர் நீளம் என்பதால் எல்லோரும் 'டாக்' என்று சுருக்கி விட்டார்கள். ஒவ்வொரு ஸி.டி. பிளேயருக்குள்ளும் ஒரு டாக் உண்டு. எங்கள் பிளேயரில், புள்ளிகள் வந்துகொண்டிருந்தன. ஆனால் டாக்கிலிருந்து வெளியே வரும் வழியிலுள்ள உறுப்புகள் வயசாகி ஓய்ந்து விட்டன. "இதுக்கு இப்போ சாமான் கிடைக்கிறது கஷ்டம். ஆனா முதுகிலே டிஜிட்டல் அவுட் இருக்குதே! வெளியிலே ஒரு டாக்கை வாங்கி மாட்டுங்க. தொண்டையை மாத்தின மாதிரி" என்றார் கிழவர். அரை மணி நேர வேலைக்கு அவர் கேட்டது நூறு ரூபாய்.

பிலிப்ஸ், ஸோனி என்ற இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து இந்தத் தட்டை உருவாக்கின. 1982-ம் வருஷம் அக்டோபர் முதல் தேதி ஜப்பானில் ஸோனியின் முதல் பிளேயர் விற்பனைக்கு வந்தது. அந்த ஆரம்ப காலத்தில் பிலிப்ஸ்காரர்களிடம் இருந்த டாக், 16 இலக்கத்துக்குப் பதில் 14 இலக்கம் வரைதான் கையாளக் கூடியது. தட்டிலோ 16 இலக்கம் எழுதியிருக்கிறது. என்ன செய்தார்கள் தெரியுமா? ஒவ்வொரு இரண்டு புள்ளிகளுக்கும் இடையில் கணக்குப் போட்டு இன்னும் மூன்று புள்ளிகளை வைத்து, நாலு மடங்கு வேகத்தில் இழுத்தார்கள். குறைந்த இலக்கத்தால் வரும் பிசிறு பெரும்பாலும் காதுக்கு எட்டாத இடத்துக்கு ஒதுங்கி விட்டது. சிறிய அரிசியானாலும் சமைக்கிறவள் கெட்டிக்காரியாக இருந்தால் விருந்து குறைவதில்லை, பாருங்கள்!

இனி, மாட்டுகிற வேலை.

முதலாவது, பிளேயரின் முதுகைத் திருப்பிப் பாருங்கள். 'டிஜிட்டல் அவுட்' என்று எழுதியிருக்கிறதா? அது இல்லாவிட்டால் இந்த வைத்தியம் பலிக்காது, பணத்தைச் செலவழிக்காதீர்கள். இருந்தால், அது இரண்டு விதமாக இருக்கும். ஒன்று 'கோஆக்ஸியல்'. சிவப்பு, வெள்ளைத் துவாரங்களைப் போலவே வட்டமாக, ஆனால் ஒற்றையாக இருக்கும். மற்றொன்று 'ஆப்டிகல்'. சின்னச் சதுரக் கதவு போட்டிருக்கும். பிளேயர் ஓடும்போது அந்தக் கதவுக்குள்ளே சிவப்பாக வெளிச்சம் தெரிந்தால், புள்ளிகள் வெளியே வருகின்றன என்று அர்த்தம். பழைய டி.வி.டி. பிளேயர் வைத்திருப்பவர்களும் பாருங்கள். அவற்றில் பலவற்றுக்கு இந்தத் துவாரம் உண்டு, குறுந்தகடும் பாடும்.

இரண்டாவது, ஒயர். கோஆக்ஸியலுக்கு 75 ஓம் ஒயர் வேண்டும். இதற்காகக் கடைக்காரர் தங்கமுலாம் பூசியதை நீட்டினால் கைகூப்பி விடுங்கள். டி.வி.க்குப் படம் கொண்டுபோக முன்பு உபயோகித்தோமே, மஞ்சள் நிற முனை வைத்த ஒயர், அதுவும் 75 ஓம்தான். பரணில் தேடுங்கள். ஆப்டிகலுக்கு ஒளி போகும் இழை வேண்டும். அதைக் கூர்மையாக மடிக்கக் கூடாது. நீளமும் ஐந்து மீட்டருக்குள் இருந்தால் நல்லது. இதில் மின்சாரம் போவதில்லை, வெறும் ஒளிதான் போகிறது என்பதால், ஒரு பெட்டியின் உறுமல் இன்னொரு பெட்டிக்குத் தொற்றாது.

மூன்றாவது, டாக் பெட்டி. லட்ச ரூபாய்க்கும் இருக்கிறது. சில நூறு ரூபாய்க்கும் இருக்கிறது. நான் ரிச்சி தெருவில் நடையாய் நடந்து, மூவாயிரத்துச் சில்லறைக்கு உள்ளங்கையளவில் ஒன்று வாங்கினேன். 'விநாடிக்கு 1,92,000 புள்ளி!' என்று பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். மயங்காதீர்கள். உங்கள் தட்டில் இருப்பது 44,100. ஒரு படி அரிசியை அண்டாவில் போட்டாலும் ஒரு படிச் சோறுதான் வரும். பிளேயரில் இருக்கும் துவாரத்துக்கு ஜோடியான துவாரம் டாக்கிலும் இருக்கிறதா என்று மட்டும் தவறாமல் பாருங்கள்.

நாலாவது, இணைப்பு. எல்லாப் பெட்டிகளையும் முதலில் அணைத்து விடுங்கள். பிளேயரின் டிஜிட்டல் அவுட்டிலிருந்து டாக்கின் டிஜிட்டல் இன்னுக்கு ஒரு ஒயர். டாக்கின் சிவப்பு, வெள்ளைத் துவாரங்களிலிருந்து ஆம்பிளிபயரின் 'ஆக்ஸ்' அல்லது 'ஸி.டி.' என்று எழுதிய துவாரங்களுக்கு இரட்டை ஒயர். 'போனோ' என்று எழுதியதில் மட்டும் செருகாதீர்கள். அது கிராமபோன் பிளேயரின் மெலிந்த குரலுக்காக ஏற்பட்டது. இதைச் செருகினால் வீடு அலறும். டாக்கிலேயே சத்தம் கூட்டும் திருகு இருந்தால் அதை முழுக்க ஏற்றி வைத்து, ஆம்பிளிபயரில் கூட்டிக் குறையுங்கள். ஆரம்பத்தில் ஆம்பிளிபயர் திருகு அடியில் இருக்கட்டும்.

ஐந்தாவது, டி.வி.டி. பிளேயர் வைத்திருப்பவர்களுக்கு. அதன் 'செட்டப்' பக்கத்தில் டிஜிட்டல் அவுட் என்ற இடத்தில் 'பிட்ஸ்ட்ரீம்' என்றும் 'பி.ஸி.எம்.' என்றும் இரண்டு இருக்கும். பி.ஸி.எம். என்று வையுங்கள். பிட்ஸ்ட்ரீமில் விட்டால், சினிமாத் தட்டுப் போடும்போது சாதாரண டாக்குக்கு அந்தப் பாஷை புரியாது. ஊமையாக இருக்கும், அல்லது 'உஸ்' என்று இரையும். டி.வி.யின் ஆப்டிகல் துவாரத்தை டாக்குடன் இணைக்கிறவர்களுக்கும் இதே விதிதான்.

இவ்வளவு பாண்டித்தியத்துடன் நானும் எங்கள் பிளேயரை மாட்டினேன். எல்லாம் செருகியாயிற்று. பிளேயர் சுற்றுகிறது. டாக்கில் சிவப்பு விளக்கு எரிகிறது. பச்சையாக மாற வேண்டும், மாறவில்லை. பாட்டு இல்லை. ஒயரைப் பிடுங்கிச் செருகினேன். வேறு தட்டுப் போட்டேன். "அப்பவே சொன்னேன், புதுசா ஒண்ணு வாங்கியிருக்கலாம்" என்று என் கணவர் பேப்பருக்குப் பின்னாலிருந்து ஆசீர்வாதம் செய்தார். முக்கால் மணி நேரம்! அழுகை வராத குறை.

அத்தை காப்பி கொண்டு வந்து வைத்தார். கீழே குனிந்து, நான் பிடுங்கிப் போட்டிருந்த ஒயர் முனையைக் கையில் எடுத்துப் பார்த்தார். "இது என்னம்மா, நுனியிலே கண்ணாடியா ஒரு மூடி?" என்றார்.

ஆப்டிகல் ஒயரின் இரண்டு முனையிலும் தூசி படாமல் இருக்கச் சின்ன மூடி போட்டு விற்கிறார்கள். ஒரு முனையில் கழற்றியிருந்தேன். மறுமுனையில் மூடியோடேயே குத்திக்கொண்டிருந்தேன்! "சீசா மூடியைத் திறக்காம எண்ணெய் ஊத்தினா எப்படிம்மா ஊத்தும்?" என்று அத்தை மூடியைப் பிடுங்கி என் கையில் வைத்தார். ஆகவே நேயர்களே, மேலே சொன்ன ஐந்து விதிகளையும் மறந்தாலும் இந்த ஆறாவது விதியை மறக்காதீர்கள். மூடியைக் கழற்றுங்கள். சரியாக உள்ளே போனால் 'க்ளிக்' என்று ஒரு சத்தம் கேட்கும்.

செருகினேன். 'க்ளிக்'. விளக்குப் பச்சையாக மாறியது.

அதைச் சொல்லுமுன் ஒரு நியாயமான வார்த்தை. டாக் மாட்டினால் சாதாரணப் பாட்டு தேவகானமாகி விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உங்கள் பிளேயர் ஆரோக்கியமாக இருந்தால், வெளி டாக்கினால் வரும் வித்தியாசம் மிகச் சொற்பமாக இருக்கலாம். கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்டால் பல பேருக்குக் கண்டுபிடிக்கவே முடிவதில்லை. தட்டில் கீறல் விழுந்து பாட்டு குதித்தால் அதற்கும் டாக் மருந்தல்ல. அது கண்ணின் வியாதி. தொண்டை கட்டிய பிளேயருக்கும், தொண்டையே சரியாக அமையாத மலிவான பிளேயருக்கும்தான் இது கை கண்ட மருந்து. அதற்கு மேல் செலவழிக்கிற பணத்தை ஸ்பீக்கருக்குச் செலவழியுங்கள். பலன் காதுக்குத் தெரியும்.

இன்னொன்று. "இத்தனை பாடு எதற்கு? கைப்பேசியில் ஏற்றிக் கொடுத்தால் ஆயிற்று" என்று என் பையன் சொன்னான். அவன் சொன்னதில் பாதி சரி. வீட்டில் பதிந்த குறுந்தகடு, கடையில் வாங்கும் தட்டைப் போல அச்சு அடித்தது அல்ல. ஒரு சாயப் பூச்சின் மேல் லேஸரால் எழுதியது. வெயிலிலும் வெப்பத்திலும் வருஷக் கணக்கிலும் அந்தச் சாயம் மங்கும். ஒரு நாள் கண் எவ்வளவு நன்றாக இருந்தாலும் படிக்க ஒன்றும் இராது. ஆகவே அன்று ராத்திரியே அந்தத் தட்டைக் கம்ப்யூட்டரில் பிரதி எடுத்து, இரண்டு இடங்களில் பத்திரப்படுத்தினோம். உங்கள் வீட்டிலும் தாத்தாவின் பேச்சோ, கல்யாணத்து நாதஸ்வரமோ, குழந்தையின் மழலையோ அப்படி ஒரு தட்டில் இருந்தால், இந்தப் பத்திரிகையைக் கீழே வைத்ததும் முதலில் பிரதி எடுங்கள். டாக் அப்புறம் வாங்கலாம்.

மற்றப் பாதி சரியில்லை. அத்தைக்கு வேண்டியது பாட்டு மட்டும் அல்ல. உறையிலிருந்து தட்டை எடுப்பது, புடவைத் தலைப்பால் ஒரு தரம் துடைப்பது, தட்டு மெல்ல உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது எல்லாம் சேர்ந்ததுதான் அவருடைய வெள்ளிக்கிழமை. அதில் நாம் கை வைக்கலாமா? (புடவைத் தலைப்பால் துடைப்பதை மட்டும் மாற்றி, மெல்லிய பருத்தித் துணி ஒன்று கொடுத்திருக்கிறேன். நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைக்க வேண்டும். சுற்றிச் சுற்றித் துடைக்கக் கூடாது.)

அன்று வெள்ளிக்கிழமை அல்ல, செவ்வாய்க்கிழமை. இருந்தாலும் அத்தை போய் விளக்கை ஏற்றிவிட்டு வந்தார். பிரம்பு நாற்காலியை, முன்பு இருந்த இடத்துக்கே, ஸ்பீக்கரிலிருந்து ஓர் அடி தள்ளிப் போட்டுக்கொண்டார். பாட்டு ஆரம்பமாயிற்று. முதலில் பழைய நாடாவின் இரைச்சல். டாக் அதையும் உள்ளது உள்ளபடியே கொண்டு வந்து விட்டது. பிறகு வளைகாப்பு வீட்டின் சளசளப்பு, வளையல் சத்தம், யாரோ ஒரு குழந்தையின் அழுகை. அப்புறம் குரல். மாமனாரின் குரல், இரண்டு பக்கமும், கூடம் நிறைய.

அனுபல்லவிக்கு முன்னால் ஒரு சிறு இடைவெளி. அங்கே அவர் தொண்டையைக் கனைத்துக்கொள்கிறார். சன்னமாக, ஒரே ஒரு தரம்.

அத்தை கண்ணைத் திறந்தார். "இதோ! இதுதான் மூணு மாசமாக் காணோம்" என்றார். "பாட்டு போனாக்கூடப் பரவாயில்லைன்னு இருந்தேன். எனக்கு மனப்பாடம்தானே? ஆனா அவர் கனைக்கிறது கேக்கலைன்னதும், நம்ம காது போச்சு, இனிமே அவர் வரமாட்டார்னு நினைச்சுட்டேன்."

என் கணவர் பேப்பரை மடித்து வைத்தார். பையன் நோட்டை மூடிவிட்டு வந்து பாட்டியின் காலடியில் உட்கார்ந்தான். நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன். பாட்டு முடியும் வரை யாரும் எழுந்திருக்கவில்லை.

இப்போது வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுக் கூடத்தில் நாலு நாற்காலி. பழுது வந்தால் முதல் வாரத்திலேயே தெரிந்து விடும்.